பழைய நேரத்தில் ஓடிய ஆறு

கொழும்பு நகரத்துக்கு ஒருமுறை டீசல் மணக்கும் தேநீர் குடிக்கக் கொடுத்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்கிற அளவுக்கு எனக்குக் கெட்டித்தனம் இருந்திருந்தால் நான் வேறு எங்கேயோ இருந்திருப்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வேலை, ஆறுகளைப் பற்றிக் கணக்குப் போடும் ஓர் அலுவலகத்தில். களனி ஆற்றில் மேலே எங்காவது எண்ணெயோ அமிலமோ கொட்டுப்பட்டால், அது எத்தனை மணித்தியாலத்தில் நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு வந்து சேரும் என்று சொல்ல எங்களிடம் ஒரு கணனிப் புரோகிராம் இருந்தது. எப்போதோ வந்த வெளிநாட்டு நிபுணர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் இரண்டு மூன்று இலக்கங்களைத் துப்பும், அவ்வளவுதான். அந்த இலக்கங்களைக் கேட்டுத்தான் தண்ணீர்க் கதவை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று முடிவெடுப்பார்கள். பயத்தில் நாள் முழுக்க மூடி வைக்கவும் முடியாது, நகரத்துத் தாங்கிகள் வற்றிவிடும்.

அந்தப் புரோகிராமைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கணனி ஒன்று வாங்கித் தந்தார்கள், கலர்த் திரையோடு. அடிகளை மீட்டராக்கினேன். மூன்று துண்டாக இருந்த ஆற்றை நாற்பது துண்டாக்கினேன். திரையில் ஆறு நீலமாக ஓட, கொட்டிய அழுக்கு சிவப்புப் பொட்டாக நகர்ந்து வரும்படி செய்தேன். அந்தச் சிவப்புப் பொட்டுக்கே இரண்டு மாதம் போயிற்று. கணக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாரும் அதைத்தான் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் அதை முதல் தடவை பார்ப்பவன் போலவே ஓட்டிக் காட்டினேன்.

எனக்கு உதவிக்கு ஒரே ஓர் ஆள், தற்காலிக நியமனத்தில் வந்த ஒரு பெண். மாளிகாவத்தை மாடி வீடுகளில் உம்மாவோடும் இரண்டு தங்கச்சிமாரோடும் இருந்தாள். வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம். அந்த வீட்டுக்குள் மாதம் முடிய வந்த முதல் சம்பளம் அவளுடையதுதான். ஆற்றோரத்து ஆட்கள் எழுதி அனுப்பும் கொப்பிகளை வாசித்துக் கணனிக்குள் அடிப்பது அவள் வேலை. சிங்களத்தில் எழுதியிருந்தாலும் தமிழில் எழுதியிருந்தாலும், கோழி கிளறின மாதிரி எழுதியிருந்தாலும், வாசித்துவிடுவாள். பணிப்பாளர் ஒரு சிங்கள மனிதர், நல்லவர், தோளில் தட்டிப் பேசுவார். “இந்த வேலை ஒழுங்காக முடியட்டும், உன்னுடைய நிரந்தரக் கடிதத்தில் நானே கையெழுத்து வைக்கிறேன்” என்று அவளுக்கு என் முன்னாலேயே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். “சேர், எப்ப முடியும் சேர்?” என்று கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்பாள். நான் சிவப்புப் பொட்டின் விளிம்பை உருட்டிக்கொண்டிருப்பேன்.

புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, உண்மையான ஆறு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரியவேண்டும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். செவ்விளநீர் வாங்கி, உள்ளே இருந்த தண்ணீரை ஆராய்ச்சியின் பேரால் நாங்கள் குடித்துவிட்டு, கோம்பையின் வாயை அடைத்து மஞ்சள் பெயின்ற் பூசி மேலே அனுப்பினோம். மேலே பாலத்தடியில் நீர்மட்டம் பார்க்கும் மனிதர் அதை ஆற்றில் போட்டு, போட்ட நேரத்தைக் கொப்பியில் எழுதவேண்டும். கீழே தண்ணீர் எடுக்கும் இடத்தில் இன்னொருவர் அது வந்த நேரத்தை எழுதவேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆற்றின் வேகம். இரண்டு மாதம் கோம்பைகள் மிதந்து வந்தன. நாலைந்து கோம்பைகளைப் பிள்ளைகள் பிடித்துப் பந்து விளையாடினார்கள். மற்றவை வந்து சேர்ந்தன.

அந்த வருடம்தான் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. பிறகு அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது வேறு கதை. அந்த மாதங்களில் யாரிடம் நேரம் கேட்டாலும், “புது நேரமோ, பழைய நேரமோ?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வடக்கில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சுவர் மணிக்கூடு புது நேரம், மனைவி இராகுகாலம் பார்க்கிற கைக்கடிகாரம் பழைய நேரம். ஒரு கலியாண வீட்டுக்கு நாங்கள் போனபோது தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிந்திருந்தது. இவ்வளவு நடந்தும், கொப்பியில் எழுதின மனிதர் எந்த நேரத்தை எழுதினார் என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை. படித்த மூளை அல்லவா.

அவளுக்கு வந்தது. ஒருநாள் பின்னேரம் மேல்பாலத்துக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள்.

“சேர், ஒன்டு கேக்கவா? மேல ஈக்கிற மனுஷன் பழைய நேரம்தான் எழுதீக்கிறாரு போல.”

“எப்பிடிச் சொல்லுறியள்?”

“இங்க பாருங்க சேர். ஆறேகாலுக்குக் கோம்பைய போட்டேன், சூரியன் பட்டு இருட்டிட்டு, டோர்ச் அடிச்சித்தான் பாத்தேன்னு எழுதீக்கி. இப்ப மஃரிபுக்குப் பாங்கு செல்லியதே ஏழேகாலுக்குத்தானே சேர். ஆறேகாலுக்கு எப்பிடி இருட்டிய?”

இப்போது எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது. அவள் சொன்னது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். தினமும் பொழுது படும் நேரத்தைப் பார்த்துத் தொழுகிற வீட்டுப் பிள்ளை, பொழுது எப்போது படும் என்று அவளுக்குத் தெரியாதா? நான் என்ன செய்தேன்? திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தேன்.

“தங்கச்சி, பாங்கு நேரமெல்லாம் பள்ளிவாசலுக்கு. இது விஞ்ஞானம். மழை இருட்டாய் இருந்திருக்கும். கொப்பியில என்ன கிடக்குதோ அதை அப்பிடியே அடியுங்கோ.”

“ஒருக்கா போன் எடுத்துக் கேட்டா என்ன சேர்?”

“அங்க போன் இல்லை.”

போன் இருந்தது. பாலத்தடிக் கடையில் இருந்தது. அதற்கு எடுத்து, அந்த மனிதரைக் கூப்பிட்டுவிடச் சொல்லி, என் தமிழ் மணக்கும் சிங்களத்தில் விளக்கம் சொல்ல எனக்குப் பஞ்சி, எழும்பவே மனம் இல்லை. அதைவிட, தட்டெழுத்துப் பிள்ளை ஒருத்தி என் தரவில் பிழை கண்டுபிடிப்பதா என்ற எரிச்சல். அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு போய், இருந்தபடியே அடித்தாள்.

இதில் இன்னொரு கூத்து. அந்தத் தரவைப் போட்டதும் என் புதுப் புரோகிராம் கோம்பைகளோடு ஒத்துவரவில்லை. என் கணக்கில் ஆறு வேகமாக ஓடியது, கொப்பிகளின் கணக்கில் ஒரு மணித்தியாலம் பிந்தியது. இப்படி ஒத்துவராவிட்டால் நாங்கள் ஆற்றின் அடி எவ்வளவு கரடுமுரடு என்று சொல்லும் ஓர் எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பொருத்துவோம். நான் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். கடைசியில் ஆறு கொப்பியோடு பொருந்தியபோது, அந்த எண்ணின்படி களனி ஆற்றின் அடியில் ஒரு காடு வளர்ந்திருக்கவேண்டும். வேறு யாராவது என்றால் அங்கேயே நிறுத்தி யோசித்திருப்பான். நான் நிறுத்தினேன்தான், காட்டுக்கு விளக்கம் எழுத. மணல் அள்ளிய குழிகள், கரையிலிருந்து சரிந்த மூங்கில் பற்றைகள், நீர்த் தாவரங்கள் என்று மூன்று பக்கம். இல்லாத காட்டை இவ்வளவு அழகாக வர்ணித்தவன் வேறொருவன் இருக்கமாட்டான். பணிப்பாளர் வாசித்துவிட்டு “வெரி தரோ” என்றார், ஒன்றும் விடாமல் ஆராய்ந்திருக்கிறாயாம். அன்றைக்கு எல்லாருக்கும் பற்றிஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். அவளுடைய நிரந்தரக் கடிதம் தட்டச்சுக்குப் போயிற்று. மாத முடிவில் கையெழுத்து என்றார்.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது டீசல் ஏற்றிவந்த பவுசர் லொறி ஒன்று கவிழ்ந்தது.

மேல்பாலத்துக்குப் பக்கத்தில், காலை ஆறரை மணிக்கு. பொலிஸ் அறிவித்தது, அது புது நேரம். முழு டீசலும் ஆற்றில். எட்டரைக்கு எனக்குச் செய்தி வந்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷம். அலுவலகத்தில் பாதிப் பேர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். புதுப் புரோகிராமை ஓடவிட்டேன். சிவப்புப் பொட்டு நீல ஆற்றில் அழகாக மிதந்து வந்தது. ஏழு மணித்தியாலம். ஒன்றரைக்குத் தண்ணீர்க் கதவடிக்கு வரும். ஒரு வேடிக்கைக்காகப் பழைய புரோகிராமையும் ஓடவிட்டேன். அது கறுப்புத் திரையில் ஆறு மணித்தியாலம் என்று துப்பியது. “கிழவருக்கு வயசு போய் அறளை பெயர்ந்திட்டுது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தாள், நான் எழுந்து போய்த் தொலைபேசியைத் தூக்கிவிட்டேன். ஒரு மணிக்குக் கதவை மூடுங்கள், அரை மணித்தியாலம் முன்னெச்சரிக்கை போதும் என்று சொன்னேன். அதற்கு முன் மூடினால் தாங்கிகளில் தண்ணீர் போதாது என்று அதட்டியும் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு டீசல் வந்தது. கதவடியில் நின்ற மனிதர் மூக்கால் கண்டுபிடித்துத் தானாகவே மூடினாராம். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. அவர் எனக்குத் தொலைபேசியில் சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் ரிசீவரைப் பிடித்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். சரியாக ஒரு மணித்தியாலம். அந்தக் கணமே விளங்கிவிட்டது, மேல் கொப்பி பழைய நேரம், கீழ்க் கொப்பி புது நேரம். ஐயோ கடவுளே, பாங்கு!

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, நோயும் இல்லை. ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் குழாயைத் திறந்தால் பெற்றோல் ஷெட் மணம். மறுநாள் காலை மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட ஆறு எங்கட கேத்திலுக்குள்ள வந்திட்டுது. ஒருக்கா வந்து மணந்து பாருங்கோ.”

“என்னை ஏன் கேக்கிறீர்?”

“வேற ஆரைக் கேக்க? ஒழுங்கை முழுக்க உங்களைத்தானே கேக்குது. சிவப்புப் பொட்டு, சிவப்புப் பொட்டு எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது நீங்கள்தானே.”

அந்தப் பகிடி அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இல்லை. தமிழன் ஒருவன் கணக்குப் போட்டான், கொழும்பின் தண்ணீருக்குள் டீசல் போயிற்று. அந்த நாட்களில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் கணனி தேவையில்லை. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இதைவிடச் சின்னக் காரணத்துக்கு விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பணிப்பாளரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே வெள்ளைச் சேர்ட் போட்ட இரண்டு பேர் இருந்தார்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். எந்த ஊர், எப்போது கொழும்புக்கு வந்தது, ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, கடைசியில், “ஒரு மணித்தியாலம் எப்படிப் பிசகியது?” என்றார் ஒருவர். சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும். ‘பிழை என்னுடையது, எனக்கு ஒருவர் சொல்லியும் நான் கேட்கவில்லை.’ இவ்வளவுதான் வசனம். அதைச் சொன்னால், “சொல்லியும் ஏன் கேட்கவில்லை?” என்று அடுத்த கேள்வி வரும். தலைக்கனத்தால் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கொப்பிகளைக் கொண்டுவரச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் உள்ளே வந்து அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. பிறகு நல்ல சிங்களத்தில், தடுமாறாமல் சொன்னாள். மேல்பாலத்துக் கொப்பி பழைய நேரத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டி அடி என்று சேர் எனக்குச் சொன்னார். நான் மறந்துபோய் அப்படியே அடித்துவிட்டேன்.

வெள்ளைச் சேர்ட் என் பக்கம் திரும்பி, “அப்படியா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

வாயால்கூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தார்கள், அவள் சொன்னதுபோலவே இருந்தது. பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். பணிப்பாளர் என் தோளில் தட்டினார். நேரம் மாறியிருப்பதை நீ முன்னமே கண்டுபிடித்திருக்கிறாய், என்ன செய்வது, இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்றார். அவளுடைய நிரந்தரக் கடிதத்தை என் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார். மாத முடிவோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

அவள் போகிற நாளன்று படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன்.

“ஏன் தங்கச்சி அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“நான் சென்னா வேலதான் போகும் சேர். நீங்க சென்னா என்ன போகும்னு எனக்குத் தெரியா.” கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். “உம்மாக்கிட்ட இன்னம் செல்லல்ல. கொட்டாஞ்சேனையில ஒரு கப்பல் ஒபிஸ்ல ஆள் எடுக்கிறாங்களாம். ஒரு கடிதம் எழுதித் தாரீங்களா சேர்? கவனமா வேல செய்வான்னு மட்டும் போடுங்க.”

எழுதினேன். ‘மிகக் கவனமானவர்’ என்று எழுதினேன். கையெழுத்து வைத்துவிட்டு உள்ளே போய், என்னுடைய கரடுமுரட்டு எண்ணைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். ஆற்றின் அடியிலிருந்து காடு மறைந்தது. புரோகிராம் ஒரு நிமிடம் பிசகாமல் ஓடத் தொடங்கியது. மூன்று பக்கத்தையும் அறிக்கையிலிருந்து கழற்றிவிட்டு, ‘மணிக்கூட்டு வேறுபாடு திருத்தப்பட்டது’ என்று ஒரு வரி போட்டேன். அடியில் என் பெயர் மட்டும்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தக் கப்பல் ஒபிஸிலிருந்து தொலைபேசி வந்தது. அலுவலகத்தில் ஒரே தொலைபேசி, பணிப்பாளரின் அறை வாசலில். கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே இருந்தார். நாலைந்து பேர் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். மறுமுனையில் ஒரு பெரியவர் ஆங்கிலத்தில் கேட்டார். கவனமானவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஏதோ பெரிய பிழை விட்டு வேலை போனதாகப் பிள்ளையே சொல்கிறாள், என்ன நடந்தது?

அவளே சொல்லியிருக்கிறாள்! தன் பொய்யை அங்கேயும் கொண்டுபோய் எனக்காகக் காப்பாற்றியிருக்கிறாள். கதவுக்கு அப்பால் பணிப்பாளரின் தலை தெரிந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. அந்த இரண்டு வெள்ளைச் சேர்ட்டும் நினைவுக்கு வந்தன. வரட்டும் என்று நினைத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். பிழை அவளுடையது இல்லை. அவள் எனக்குச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. முழுப் பிழையும் என்னுடையது.

சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். பணிப்பாளர் கதிரையை விட்டு எழுந்து வெளியே வந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நின்றேன். அவர் வந்து என் தோளில் தட்டி, தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், “மே மாத்தயா நியம ஜென்டில்மன் கெனெக்” என்றார். இந்த ஐயா அசல் ஜென்டில்மன். ஒரு பிள்ளையின் பிழைப்புக்காகத் தன் பெயரையே கெடுத்துக்கொள்கிறார், பாருங்கள்.

“இல்லை சேர், உண்மையாகவே நான்தான்” என்றேன். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், மரியாதையான சிரிப்பு.

அடுத்த கிழமை அவள் தொலைபேசி எடுத்தாள்.

“சேர், வேல கெடச்சிரிச்சி!”

“நல்லது தங்கச்சி. நான் அந்தப் பெரியவருக்கு உண்மையைச் சொன்னனான்.”

“செல்லினாரு சேர். ஒங்கட சேர் தங்கமான மனுஷன், ஒன்ட பிழைய தன்ட தலையில போட்டுக்கிட்டாரு, அவருக்காகத்தான் ஒன்ன எடுக்கிற, இனியாவது கவனமா அடின்னு புத்தி செல்லித்தான் சேர் எடுத்தாங்க.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது.